பலி, மன்னிப்பு, நோக்கம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் பதிலுக்குப் போகிறேன்.

கேள்வி: அன்பான கடவுள் ஏன் இரத்தம் கேட்டார்? பழைய ஏற்பாட்டுப் பலிகளைப் படித்தாலே மனசுக்கு ஒப்பவில்லை.

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களைப் பொறுமையாகப் படியுங்கள். அங்கே ஐந்து வகைப் பலிகள் வருகின்றன. அவற்றில் போஜனபலியில் இரத்தமே கிடையாது, மாவும் எண்ணெயும்தான். பாவநிவாரண பலிக்கு ஆடு வாங்க வசதி இல்லையென்றால் இரண்டு புறா. அதற்கும் வழியில்லை என்றால் ஒரு எப்பாவில் (அந்தக் காலத் தானிய அளவு) பத்தில் ஒரு பங்கு மாவு போதும். இரத்தத்துக்கு ஏங்குகிறவர் மாவை வாங்கிக்கொள்வாரா?

அடுத்தவனை ஏமாற்றியவனுக்கான சட்டம் இன்னும் கறார். எடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஐந்தில் ஒரு பங்கும் சேர்க்க வேண்டும். நூறுக்கு நூற்றிருபது. அதைக் கொடுக்காமல் பலிக்கான ஆட்டுக்கடாவை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்துவிட முடியாது.

ஆனாலும் இரத்தம் இருக்கிறது, அதை மழுப்ப வேண்டாம். 17ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் கடவுள், உயிர் இரத்தத்தில் இருக்கிறது, பலிபீடத்துக்காக அதை உங்களுக்குக் கொடுத்தது நானே என்கிறார். கொடுக்கிறவர் அவர். இதைத் தாண்டிப் போய்விட்டால்தான், மனிதன் கடவுளைத் தாஜா செய்கிற சடங்காகத் தெரியும்.

கேள்வி: இயேசு ஏன் சாக வேண்டும்? கடவுள் சும்மா மன்னித்திருக்கலாமே?

சும்மா மன்னித்த யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? மத்தேயு 18இல் ஒரு ராஜா தன் வேலைக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனைத் தள்ளுபடி செய்கிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் கூலி. வேலைக்காரன் நிம்மதியாக வெளியே போகிறான். சரி, அந்த நஷ்டம் எங்கே போனது? ராஜாவின் தலையில்தான் விழுந்தது. சிலுவையை நான் புரிந்துகொள்வதும் இப்படித்தான்: நம்மிடம் வசூலிக்க வேண்டியதைக் கடவுள் தானே ஏற்றுக்கொள்கிறார்.

இதை விளக்குவதில் சபைகளுக்குள் ஒரே குரல் இல்லை. ஆதித் திருச்சபைப் பிதாக்கள் பலர் மரணத்தின் மேல் கிடைத்த வெற்றி என்று பேசினார்கள். 11ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் ஆன்செல்ம், கடவுளுக்குரிய கனத்தை ஈடுசெய்தல் என்று வாதிட்டார். ஆனால் கோபக்கார அப்பா, குறுக்கே வந்து அடி வாங்கும் மகன் என்று சிலர் பிரசங்கிப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். கடவுள் கிறிஸ்துவுக்குள் இருந்தே உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்றுதான் பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:19).

கேள்வி: என்னை மோசம் செய்த உறவினரை மன்னித்துவிட்டேன். வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமா? மறுபடி நம்ப வேண்டுமா?

இரண்டும் கட்டாயமில்லை. யோசேப்பின் கதையைப் பாருங்கள். தன்னை விற்ற அண்ணன்கள் தானியம் கேட்டு வந்து நின்றபோது, நான்தான் யோசேப்பு என்று அவன் உடனே சொல்லிவிடவில்லை. கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச் சொல்லி, அவனைத் திருடனாகப் பிடித்து, இந்தத் தம்பியையும் கைவிடுகிறார்களா என்று பார்க்கிறான். அன்று யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே அண்ணன் யூதா, பென்யமீனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். அதற்குப் பிறகுதான் யோசேப்பு வாய்விட்டு அழுது தன்னை வெளிப்படுத்துகிறான். நீங்கள் ஒருவராகவே மன்னித்துவிடலாம், ஆனால் உறவு ஒட்ட அவரும் மாற வேண்டும்.

சட்டம் தன் வழியில் போகட்டும். 1981இல் தம்மைச் சுட்ட அலி அக்சாவைப் போப் இரண்டாம் ஜான் பால் மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறை அறைக்கே போய் அருகில் உட்கார்ந்து பேசினார். பேசி முடித்ததும் அவர் வெளியே வந்தார், அக்சா உள்ளேதான் இருந்தார். இத்தாலி அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தது 2000இல்.

எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு சொன்ன பதில் 'எழுபது தரம் ஏழு' (மத்தேயு 18:22). அடிக்கிறவரிடமே திரும்பிப் போ என்று அந்த வசனத்தை யாராவது காட்டினால், கேட்காதீர்கள்.

கேள்வி: மன்னித்த பிறகும் கோபம் திரும்பத் திரும்ப வருகிறதே?

வரும். அந்த எழுபது தரம் ஏழில் பாதி, சில சமயம் ஒரே குற்றத்துக்கே செலவாகிவிடும்.

கேள்வி: வீட்டுக்கு மூத்தவள். பெற்றோரின் செலவும் கவனிப்பும் முழுக்க என் தலையில். தம்பிகள் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால் "சிலுவையைச் சுமப்பதுதான் உனக்குக் கடவுள் வைத்த நோக்கம்" என்கிறார்கள். அப்படித்தானா?

அப்படிச் சொல்வது தம்பிகளுக்கு நல்ல வசதி.

இயேசு தம் உயிரைப் பற்றி, ஒருவனும் இதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, நானே கொடுக்கிறேன் என்றார் (யோவான் 10:18). நீங்கள் மனமுவந்து செய்கிற பங்கு பலிதான், சந்தேகமே வேண்டாம். அவர்கள் உங்கள்மேல் தள்ளிவிட்ட பங்குக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நோக்கம் என்றால் ஏதோ ஒரு பெரிய பணி என்று நினைத்துக்கொள்கிறோம். மனிதனின் முதன்மையான நோக்கம் எது என்று கேட்டுத்தான் 1647இல் எழுதி முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை என்ற கிறிஸ்தவப் போதனை நூல் தொடங்குகிறது. பதில்: கடவுளை மகிமைப்படுத்துவதும், என்றென்றைக்கும் அவரில் மகிழ்ந்திருப்பதும். மகிழ்வதும் அதில் சேர்த்தி என்பதை உங்களைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுல், நாலு வரி தள்ளி அவனவன் தன் சுமையைச் சுமப்பான் என்றும் எழுதுகிறார். தம்பிகளை உட்காரவைத்து அந்த இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் ஒரு தாளை எடுத்து மருந்து, மருத்துவமனை, இரவில் துணைக்கு இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பெயர் என்று எழுதச் சொல்லுங்கள்.