சொல் கேளுங்கள்: நெம்பினால் பெயருமா?

செய்தித்தாளில் ஒரு நாள் ‘ஷட்டரை நெம்பித் திருட்டு’ என்கிறார்கள், மறுநாள் ‘பூட்டை உடைத்துத் திருட்டு’. இரண்டும் ஒன்றுதானே? - திண்டுக்கல் வாசகர்

ஒன்றல்ல. பூட்டை உடைக்க ஓங்கி ஒரு அடி போதும். நெம்புவதற்கு முனை நுழைய ஓர் இடுக்கு, நுழைக்க ஒரு கம்பி, கம்பி ஊன்றித் திரும்ப ஒரு முட்டு ஆகிய மூன்றும் வேண்டும். ஷட்டருக்கு அடியில் கடப்பாரையைச் செருகி, முனையை உள்தரையில் ஊன்றி, வெளிமுனையை மேலே தூக்கினால் அது நெம்புதல். பூட்டு முழுசாகவே தொங்கும். நாதாங்கி வளைந்திருக்கும், தகட்டின் ஓரம் சுருண்டிருக்கும். ‘பூட்டை நெம்பி உடைத்து’ என்று எழுதுவதும் தப்பில்லை. பூட்டின் வளையத்துக்குள் கம்பியை விட்டுத் தெறிக்க வைத்திருப்பார்கள்.

‘நெம்பினான்’ என்றாலே எடுத்துவிட்டான் என்று ஆகாதா? ‘பெயர்த்தான்’ எதற்கு? - கோவில்பட்டி வாசகி

ஆகாது. நெம்புவது முயற்சி, பெயர்ப்பது பலன். ‘நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை’ என்று தாராளமாகச் சொல்லலாம். ‘பெயர்த்தேன், அசையவில்லை’ என்றால் கேட்பவர் சிரிப்பார். அதனால்தான் நெம்பு பெரும்பாலும் இன்னொரு வினையோடு வரும்: நெம்பித் திற, நெம்பி எடு, நெம்பித் தூக்கு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பூச்சு தானாகப் பெயரும், ஆளும் அதைப் பெயர்ப்பார். நெம்புவதற்கோ ஆள் வேண்டும். ‘கல் நெம்பியது’ என்று எழுதினால் கல்லே எதையோ நெம்பியதாகிவிடும்.

பிடுங்கு, கழற்று, உரி எல்லாம் இதன் அக்கம்பக்கத்துச் சொற்கள். ஆணியை எடுக்கும் சுத்தியலின் பிளவுபட்ட வால் அசல் நெம்புகோல்தான். ஆனாலும் ஆணியை ‘நெம்பு’ என்று தச்சர் சொல்வதில்லை, ‘பிடுங்கு’ என்பார். பல், செடி, ஆணி என உள்ளே இறங்கி நிற்பது வெளியே வந்தால் பிடுங்குவதுதான். நட்ட கடப்பாரையில் தேங்காயைக் குத்தித் திருகும்போதும் நெம்பல் உண்டு; பெயர் மட்டும் உரிப்பது. திருகாணியைக் கழற்ற வேண்டும். மரை தேய்ந்து வெறுமனே சுற்றினால் தலைக்கு அடியில் தகடு கொடுத்து நெம்பிக்கொண்டே திருகலாம்.

தண்ணீர்த்தொட்டியை மூடியிருக்கும் கடப்பைக்கல்லை உடையாமல் நெம்புவது எப்படி? - ஓசூர் வாசகர்

மொழிக் கேள்வி இல்லைதான், ஆனாலும் பக்கத்தில்தான் இருக்கிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனமுள்ள கல் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்குவதானால் பாதி, 50 கிலோ. 5 அடிக் கடப்பாரையில் முனையிலிருந்து 6 அங்குலத்தில் முட்டு வைத்தால் கைப்பக்கம் 54 அங்குலம், அதாவது 9 மடங்கு. எனவே 6 கிலோவுக்குள் அழுத்தினால் போதும். பதிலுக்கு, கல் 1 அங்குலம் எழக் கைமுனை 9 அங்குலம் இறங்க வேண்டும்.

இந்தக் கணக்கு சிமென்டின் பிடி விட்ட பிறகுதான் செல்லும். முதலில் சந்திலுள்ள சிமென்டை உளியால் சுற்றிலும் கொத்தி எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பலத்தைக் கூட்டுவதால்தான் கல் உடைகிறது. குறுகிய பக்கத்தின் நடுவில் கம்பியைச் செருகுங்கள். மூலையில் நெம்பினால் கல் முறுக்கிக்கொண்டு மூலை தெறிக்கும். முனை அரை அங்குலம் மட்டும் நுழைந்திருந்தாலும் ஓரம் ஏடு ஏடாகச் சிதறும்; ஒன்றரை அங்குலமாவது உள்ளே போகட்டும். முட்டுக்குச் செங்கல் ஆகாது, நொறுங்கிவிடும். கெட்டி மரக்கட்டை வையுங்கள். பக்கத்துக் கல்மேல் முட்டு வைப்பதானால் அடியில் ஒரு பலகை போடுங்கள். எழும்பியதும் ஒரு கட்டைத் துண்டை இன்னொரு கட்டையால் கல்லுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். விரல் அந்த இடுக்குக்குள் போகவே கூடாது.

நெம்புகோலா, நெம்புக்கோலா? - தஞ்சாவூர் மாணவி

நெம்புகோல். நெம்பிய, நெம்புகின்ற, நெம்பும் என முக்காலத்துக்கும் விரிவதால் வினைத்தொகை. ஊறுகாய் போல ஒற்று மிகாது. ‘நெம்பித் திறந்தான்’ என்பதில் மிகும். ‘பெயர்த்துக் கொடுத்தான்’ என்பதிலும் மிகும். ‘பெயர்ந்து கிடந்தது’ என்பதில் மிகாது.