முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?

கேள்வி: என் கணவருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்து, ஒன்றரை வருஷம் டயாலிசிஸ் செய்தோம். புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வேதவசனம் எழுதிய அட்டை) 'நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்' என்று வந்தது. அதைச் சுவரில் ஒட்டி வைத்து நம்பினேன். ஆகஸ்டில் போய்விட்டார். உபவாச ஜெபத்துக்கு வரும் ஒரு அக்கா, 'உனக்கு இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருக்கலாம்' என்றார். பத்தாவது படிக்கும் மகள், 'அப்பாவை ஏன் குணமாக்கலை?' என்கிறாள். முழங்கால் போட்டால் வார்த்தையே வருவதில்லை. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கச்சி, முதலில் அந்த அக்கா சொன்னதை மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். உங்கள் கணவர் நோயால் இறந்தார், உங்கள் விசுவாசக் குறைவால் அல்ல. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்து, 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார்கள். அவர்களுக்காக எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! அவர்களைப் பார்த்து விசுவாசம் போதாது என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அந்த வசனம் யாத்திராகமம் 15இல், மாரா என்ற இடத்தில் கசப்பான தண்ணீரைக் கண்டு தவித்த இஸ்ரவேல் ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. அட்டையில் வந்ததால் இன்னார் இத்தனை வருஷம் இருப்பார் என்று அர்த்தமில்லை. அட்டையைக் கொடுக்கிற நாங்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது எங்கள் தவறு.

சந்தேகம் என்றால் யோவான் ஸ்நானகனைப் பாருங்கள். யோர்தானில் இயேசுவைக் கைகாட்டி 'இதோ, தேவ ஆட்டுக்குட்டி' என்றவரே, சிறையில் கிடந்தபோது 'வருகிறவர் நீர்தானா?', அதாவது வரவேண்டிய மேசியா நீர்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு கோபப்படவில்லை. ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று அதற்கப்புறம்தான் சொன்னார், கேள்வி வந்து சேர்ந்த அதே நாளில். எனக்கு மத்தேயு 11 ரொம்பப் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

என் அம்மா இறந்த வருஷம் ஆறு மாதம் என்னாலும் ஜெபிக்க முடியவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து கையில் வைத்திருப்பேன், வாய் அசையாது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தை மட்டும் புரட்டிக் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பாடுவார்கள். சபை என்பது அதற்குத்தான் என்று அப்போது புரிந்தது. நீங்களும் போய் உட்காருங்கள், பாட வேண்டியதில்லை. வார்த்தை வராதபோது 13ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். தாவீது நாலு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார். அது முறைப்பாடுதான், அதுவும் ஜெபம்தான். கர்த்தரிடம் சண்டை போடுகிறவர் அவரை விட்டுப் போய்விடவில்லை, தங்கச்சி.

சரி, மகளுக்கு என்ன சொல்வது? 'எனக்கும் தெரியலம்மா, எனக்கும் அதே கேள்விதான்' என்று சொல்லுங்கள். 'அவருடைய சித்தம்' என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். இன்று ராத்திரி படுக்குமுன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக வாசியுங்கள், ஆறே வசனம்தான். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள்.