தனி இதழா, தொகுப்பா? காமிக்ஸ் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: 'வாக்கிங் டெட்' டிவி தொடரைப் பார்த்து முடித்தேன். மூலக் காமிக்ஸைப் படிக்க ஆசை. ஆன்லைனில் தேடினால் தனி இதழ், மெல்லிய தொகுப்பு, கெட்டி அட்டைப் புத்தகம், செங்கல் கனத்தில் ஒரு பெரிய தொகுப்பு என்று ஒரே கதை நாலு விதமாக வருகிறது. எதை வாங்குவது? (கோவை வாசகர்)

பதில்: தனி இதழை விட்டுவிடுங்கள். தொடர் முடிந்துவிட்டது, நீங்கள் கதை படிக்கத்தான் வாங்குகிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் தொகுப்புதான் சரி. எந்தத் தொகுப்பு என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் காமிக்ஸ் பெரும்பாலும் மாதம் ஒரு மெல்லிய இதழாக வரும். நடுவில் பின் அடித்து, விளம்பரமெல்லாம் சேர்த்து 32 பக்கம். அதில் கதை 20, 22 பக்கம்தான். 'வாக்கிங் டெட்' இப்படி 2003 முதல் 2019 வரை 193 இதழ்கள் வந்தது. அவற்றை ஆறு ஆறாகச் சேர்த்து 32 மெல்லிய புத்தகங்கள் போட்டார்கள். இதைத்தான் 'ட்ரேட் பேப்பர்பேக்' என்கிறார்கள். பன்னிரண்டாகச் சேர்த்தது கெட்டி அட்டைப் பதிப்பு, 16 புத்தகம். 48 இதழ்களை ஒன்றாகக் கட்டியது 'காம்பெண்டியம்', மொத்தம் நான்கு. எந்த வகையானாலும் கடைசிப் புத்தகத்தில் ஓர் இதழ் கூடுதலாக இருக்கும்.

விலையைப் பாருங்கள். தனி இதழ் நெடுநாள் 2.99 டாலருக்கு விற்றது. மெல்லிய தொகுப்பு 14.99 டாலர் என்றால் இதழுக்கு இரண்டரை டாலர் ஆகிறது. முதல் காம்பெண்டியம் 2009-இல் 1088 பக்கத்தோடு வந்தபோது விலை 59.99 டாலர். வகுத்தால் இதழுக்கு 1.25 டாலர்தான். இங்கே ரூபாயில் விலை ஏறலாம், இறங்கலாம். ஆனாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. பழைய தனி இதழைத் தேடி வாங்கினால் விலையோடு தபால் செலவும் சேர்ந்துகொள்ளும்.

அதற்காக உடனே காம்பெண்டியத்தை ஆர்டர் போட்டுவிட வேண்டாம். டிவியில் பார்த்தது வண்ணத்தில். காமிக்ஸ் கறுப்பு-வெள்ளை, சாம்பல் நிழல்களோடு. 2020-இலிருந்து வண்ணம் பூசிய தனி இதழ்கள் மறுபடி வரத் தொடங்கின. அது வேறு வரிசை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொரு விஷயம், முதல் ஆறு இதழ்களை வரைந்தவர் டோனி மூர். ஏழாவது இதழிலிருந்து கடைசி வரை சார்லி ஆட்லார்ட். மூரின் கோடு வட்டமானது, தெளிவானது. ஆட்லார்டின் பக்கங்களில் நிழல் அதிகம், முகங்கள் கரடுமுரடாக இருக்கும். முதல் தொகுப்பைப் பார்த்துவிட்டு "படம் பிரமாதம்" என்று மொத்தத்தையும் வாங்கினால், மீதி 187 இதழ்களும் வேறொருவர் கையில் இருக்கும். அதனால் முதல் இரண்டு மெல்லிய தொகுப்புகளை நண்பரிடமோ நூலகத்திலோ வாங்கிப் படியுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாவது தொகுப்பின் மாதிரிப் பக்கங்களையாவது பாருங்கள். பிடித்திருந்தால் காம்பெண்டியம் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 1088 பக்கப் புத்தகத்தைப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. மேஜையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் மடியில் தலையணை போட்டு அதன் மேல் வைக்க வேண்டும். நடுப்பக்கங்களுக்கு வரும்போது புத்தகத்தின் முதுகுக்குப் பக்கத்தில் இருக்கும் படம் உள்ளே அமுங்கிவிடும். விரலால் அழுத்திப் பிரித்தால்தான் வசனத்தின் முதல் எழுத்து தெரியும். பஸ்ஸிலும் ரயிலிலும் படிக்கிறவர் என்றால், காசு கூடினாலும் மெல்லிய தொகுப்பையே ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

கேள்வி: தனி இதழில் இருப்பதெல்லாம் தொகுப்பில் இருக்குமா? இரண்டும் ஒன்றுதானே? (தாம்பரம் வாசகர்)

பதில்: கதை இருக்கும். மற்றதற்கு உத்தரவாதம் கிடையாது.

முதலில் காணாமல் போவது வாசகர் கடிதங்கள். 'சாகா' என்ற தொடரின் கடிதப் பக்கங்கள் அச்சிட்ட தனி இதழில் மட்டும்தான் உண்டு. கடிதப் பகுதி சிலருக்கு வெறும் பக்க நிரப்பல். எனக்கு அப்படி இல்லை. ஒரு கதை வெளிவந்துகொண்டிருந்த மாதத்தில் வாசகர்கள் என்ன நினைத்தார்கள், எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதைவிடப் பெரிய மாற்றம் வண்ணத்தில் நடக்கும். 'பேட்மேன்: தி கில்லிங் ஜோக்' 1988-இல் வந்தபோது ஜான் ஹிக்கின்ஸ் அடர்ந்த ஊதா, ஆரஞ்சு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைக் கொடுத்திருந்தார். 2008-இல் வந்த கெட்டி அட்டைப் பதிப்பில் ஓவியர் பிரையன் போலண்டே எல்லாவற்றையும் மாற்றி வண்ணம் கொடுத்தார். ஜோக்கரின் பழைய நினைவுக் காட்சிகள் ஏறக்குறைய கறுப்பு-வெள்ளையாகிவிட்டன, அங்கங்கே ஒரு பொருள் மட்டும் சிவப்பில் தெரியும். கோடு ஒன்று, கதை ஒன்று, படிக்கும்போது வரும் உணர்வு வேறு. 2008 பதிப்பு அழகானது. ஆனால் அந்தக் கதைக்கு வேண்டிய பைத்தியக்கார வெளிச்சம் பழைய வண்ணத்தில்தான் இருக்கிறது என்பேன்.

வாங்கும் முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். பின்னட்டையிலோ பதிப்புரிமைப் பக்கத்திலோ எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கும். தலைப்பு வேறாக இருந்தாலும் அந்த எண்கள் ஒன்றாக இருந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் கதையைத்தான் மறுபடி வாங்குகிறீர்கள். அப்புறம், உள்பக்கப் படங்கள் இரண்டையாவது பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

கேள்வி: 'இனி அச்சில் வராது, கடைசிப் பிரதி' என்று போட்டு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். பெரிய தொகுப்புகளை வாங்கி வைத்தால் பின்னால் நல்ல விலைக்குப் போகுமா? (மதுரை வாசகர்)

பதில்: விற்பதற்காகத் தொகுப்பு வாங்காதீர்கள். விலை ஏறும் தொகுப்பு, பதிப்பகம் மறுபடி அச்சிட்ட அன்றே இறங்கிவிடும்.

நன்றாக விற்கும் புத்தகம் அச்சில் இல்லாமல் போவது அரிது. 'வாட்ச்மென்' 1986-87-இல் 12 இதழ்களாக வந்தது. 1987-இல் தொகுப்பு வந்தது. அன்றிலிருந்து இன்று வரை அது அச்சில் இருக்கிறது. 2024-இல் டிசி நிறுவனம் கையடக்க அளவில் 9.99 டாலருக்கு அதையே மறுபடி கொண்டுவந்தது. இதற்கெல்லாம் 'கடைசிப் பிரதி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'ராம்' (Rom) என்ற விண்வெளி வீரன் தொடரை மார்வெல் 1979 முதல் 1986 வரை 75 இதழ்கள் போட்டது. அந்தப் பாத்திரம் ஒரு பொம்மை நிறுவனத்துக்குச் சொந்தம். உரிமைச் சிக்கலால் 2024 வரை அதற்குத் தொகுப்பே வரவில்லை. அத்தனை ஆண்டுகளும் படிக்க விரும்பியவர்களுக்குப் பழைய தனி இதழ்தான் ஒரே வழி. பொம்மை, சினிமா, டிவி என்று வெளியார் உரிமையில் உருவான தொடரா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால் கையில் கிடைக்கும் தனி இதழை விடாதீர்கள்.

கேள்வி: லயன், முத்து காமிக்ஸில் தொடர்கதைகளைப் பாகம் பாகமாக வாங்குவதா, எல்லாம் ஒரே தொகுப்பாக வரும் வரை பொறுத்திருப்பதா? பழைய இதழ்களுக்குச் சொல்லும் விலையைக் கொடுக்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: அமெரிக்கக் காமிக்ஸுக்கு மேலே சொன்னதை இங்கே தலைகீழாகச் சொல்லப் போகிறேன். பொறுத்திருக்காதீர்கள். வெளிவரும்போதே வாங்கிவிடுங்கள்.

அங்கே ஆறு இதழ் முடிந்தால் சில மாதங்களில் தொகுப்பு வந்துவிடும், பதிப்பகத்தின் திட்டமே அதுதான். தமிழில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. 'இரத்தப் படலம்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நினைவை இழந்து, உடம்பில் ஓர் எண்ணைப் பச்சை குத்திய நிலையில் கரை ஒதுங்கும் நாயகன் தான் யார் என்று தேடும் கதை. பெல்ஜியத்தில் 1984-இல் புத்தகமாக வரத் தொடங்கியது. தமிழில் லயன் அதைப் பாகம் பாகமாகக் கொண்டுவந்தது. 18 பாகங்களும் ஒரே புத்தகமாகக் கைக்கு வந்தது 2010-இல்தான், அதுவும் கறுப்பு-வெள்ளையில். வண்ணத்தில் மூன்று புத்தகங்களாக வந்தது 2018-இல். முதல் பாகத்தைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துப் படித்தவருக்கு வண்ணத் தொகுப்பு வரும்போது பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். கௌபாய் கதை நாயகன் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பாக வண்ணத்தில் வந்ததும் 2015-இல்தான். இவை எப்படியோ தொகுப்பாக வந்துசேர்ந்த கதைகள். தொகுக்கப்படாமலே நின்றுபோன கதைகளும் நிறைய இருக்கின்றன.

காரணம் எளிமையானது. இந்தக் கதைகளின் உரிமை ஐரோப்பியப் பதிப்பகங்களிடம் இருக்கிறது. தமிழில் வாங்குவோர் எண்ணிக்கை சிறியது. முதல் இரண்டு பாகங்கள் தேங்கினால் மூன்றாவதற்குக் காசு போட யாருக்கும் தெம்பு வராது. 1972-இல் இரும்புக்கை மாயாவி கதையோடு முத்து காமிக்ஸையும் 1984-இல் லயனையும் தொடங்கிய சிவகாசிக் குடும்பம் இன்னும் இதை நடத்துகிறது என்றால், மாதாமாதம் வாங்குகிறவர்களும் சந்தா கட்டுகிறவர்களும்தான் அதற்குக் காரணம். தொகுப்புக்காகக் காத்திருப்பவர் தொகுப்பு வரும் வாய்ப்பையே குறைக்கிறார். தொகுப்பு அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் முன்பதிவும் செய்துவிடுங்கள். மீந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கே உதவாது.

பழைய இதழ் விஷயம் வேறு. கதை படிக்க என்றால் மறுபதிப்பே மேல். பெரிய ஆல்பம் அளவுக்கு வரைந்த பக்கங்களை அன்றைக்குக் கையடக்க அளவுக்காக வெட்டி ஒட்டினார்கள். வண்ணத்தை உரித்து, மலிவுத் தாளில் அச்சிட்டார்கள். அன்று அதுவே பெரிய காரியம். அதனால்தான் அந்த விலைக்குப் பையன்கள் வாங்க முடிந்தது. ஆனால் ஓவியர் வரைந்த பக்கம் எப்படி இருந்தது என்பது புதிய பெரிய பதிப்பில்தான் தெரியும்.

சிறுவயதில் தொலைத்த அந்த இதழே வேண்டும் என்றால் மறுபதிப்பு அதற்கு ஈடாகாது, தாராளமாக வாங்குங்கள். பணம் அனுப்பும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, பின் அடித்த நடுத்தாள், கடைசிக் கதைப் பக்கம். பழைய இதழ்களில் முதலில் கழன்று போவது நடுத்தாள்தான். பின் துருப்பிடித்திருந்தால் தாளில் பழுப்புக் கறை பரவியிருக்கும், பிரித்தால் அந்த இடத்தில் கிழியும். 'லேசான பழுப்பு' என்று விற்பவர் சொல்வதை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள்.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு அமர் சித்திரக் கதை வாங்க நினைக்கிறேன். தனிப் புத்தகங்களா, மொத்தமாகக் கட்டிய பெரிய தொகுப்பா? (திருச்சி வாசகர்)

பதில்: தனிப் புத்தகம். 32 பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு "இன்னொன்று" என்று கேட்கும் சந்தோஷத்தைப் பெரிய தொகுப்பு தராது. பஞ்சதந்திரம், ஜாதகக் கதைகள் எல்லாம் ஒன்றையொன்று சாராதவை, அவளுக்குப் பிடித்ததாகப் பொறுக்கிக்கொள்ளலாம். மகாபாரதம் மட்டும் விதிவிலக்கு. 42 இதழ்களாக வந்த ஒரே நீண்ட கதை அது, நடுவில் ஒன்று விட்டுப்போனால் தொடர்ச்சி அறுந்துவிடும். அதை மூன்று கெட்டிப் புத்தகங்களாக விற்கிறார்கள். பத்து, பதினொரு வயதில் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கெட்டி அட்டைத் தொகுப்பு மூலை நசுங்கி, முதுகு பிளந்து வந்தது. 'படிக்க முடிகிறதல்லவா' என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்பவர் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். தளத்துக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள். 'புதிய புத்தகம்' என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருப்பதைப் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

பெரிய தொகுப்பில் முதுகு பிளப்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. புத்தகக் கட்டு அட்டையிலிருந்து விலகியிருந்தால் அதன் எடையே மீதியையும் கிழித்துக்கொண்டு வரும், சில வாசிப்பில் தாள்கள் கொத்தாகக் கழன்றுவிடும். இதைப் புகாரில் விளக்கி எழுதுங்கள். 'மூலை நசுங்கியது' என்று மட்டும் எழுதினால் சின்ன விஷயமாக ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த முறை பார்சலைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியின் வெளிப்புறமும் அதில் தெரியட்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து ஆர்டர் எண்ணோடு பதிவு செய்யுங்கள்.