அறுபதாயிரத்தில் கேமிங் கணினி: முதல் செலவு எதற்கு?

கேள்வி (கொரடாச்சேரி அருகிலிருந்து ஒரு வாசகர்): என் மகன் தஞ்சாவூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிப்புக்கும் கேம் விளையாடவும் ஒரு கணினி கேட்கிறான். குறுவை விற்ற பணத்தில் அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் ‘ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று சொல்லி அதில் பாதிப் பணத்திலேயே முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். மகன் அது வேண்டாம் என்கிறான். ஆறேழு ஆண்டுகள் உழைக்கும்படி எதை வாங்கலாம்?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். ‘ஐ7’ என்பது இன்டெல் பிராசசர் வரிசை ஒன்றின் பெயர் மட்டுமே. அதை அடுத்து வரும் எண்தான் பிராசசரின் வயதைச் சொல்லும். இந்த விலைக்குக் கடைகளில் கிடைக்கும் ஐ7 பெரும்பாலும் 4770 போன்ற, 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறைச் சரக்கு. அதைப் பழைய அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றிப் புது மதர்போர்டில் பொருத்தியிருப்பார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அந்த ‘4 ஜிபி கார்டு’ ஜிடி 730 ஆக இருந்தால் அது 2014-ஆம் ஆண்டுப் பொருள். திரையில் படம் வரும், அவ்வளவுதான். இன்றைய கேம்களை அது இழுக்காது.

இனி உங்கள் அறுபதாயிரத்துக்கு வருவோம். பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில் எஸ்.எம்.பி.எஸ். (கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) வாங்குவது எல்லோருக்கும் வழக்கம். டெல்டாவில் இருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிராபிக்ஸ் கார்டை நான்கு ஆண்டுகள் கழித்து விற்றுவிட்டு வேறொன்று போட்டுக்கொள்ளலாம், எஸ்.எம்.பி.எஸ். போகும்போதோ மதர்போர்டையும் கார்டையும் சேர்த்தே கொண்டுபோகக்கூடும். சுற்றுப்புறத்தில் பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும்போது உங்கள் வீட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைவிட மோசமானது, காற்றிலும் மழையிலும் கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோவது. அப்போது 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் நுழைந்துவிடக்கூடும். ஆகவே ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசரையோ, சுவரில் பொருத்தும் வோல்டேஜ் காப்புக் கருவியையோ கணினிச் செலவின் ஒரு பகுதியாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேபினெட்டுடன் இலவசமாகத் தரும் எஸ்.எம்.பி.எஸ்-ஐ வாங்காதீர்கள். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட் மட்டுமே. உண்மையான 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்றால் அந்த இடத்தில் ஏறக்குறைய 37 ஆம்பியர் இருக்கும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, பாதுகாப்புக்குச் சான்று அல்ல. ஆனாலும் அந்த முத்திரையுடன் ஐந்து ஆண்டு வாரண்டியும் தரும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். உங்கள் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

எர்த் இணைப்பையும் சோதியுங்கள். கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரல் சுருக்கென்று இழுக்கிறதா? பெரும்பாலும் பிளக்கின் மூன்றாம் பின் எங்கும் இணைக்கப்படவில்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ்-இன் உள்ளே இருக்கும் வடிகட்டி கசியவிடும் சிறிதளவு மின்சாரம், போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் இது மிகவும் சாதாரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழி போடச் செய்யுங்கள். ஈர மண் உள்ள நம் ஊர்ப் பக்கங்களில் அது நன்றாகவே பிடிக்கும்.

அடுத்தது மதர்போர்டு. நெடுநாள் ஓட வேண்டுமானால் பிராசசரின் வேகத்தைவிட, அது உட்காரும் சாக்கெட்டின் ஆயுளைப் பாருங்கள். ஏஎம்டி நிறுவனம் 2017-இல் ரைசன் பிராசசர்களை ஏஎம்4 சாக்கெட்டுடன் கொண்டுவந்தது. அன்று வாங்கிய பல மதர்போர்டுகளில், அவற்றின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கும் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று அந்நிறுவனம் கூறியிருக்கிறது. எனவே பி650 போர்டும் ரைசன் 5 7600-உம் என் முதல் தேர்வு. ஏஎம்5-க்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும். அதன் விலையோ, செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து கடுமையாக ஏறியது. வாங்கும் நாளில் ராம் விலை கைக்கு எட்டவில்லையென்றால், டிடிஆர்4 ராம் ஏற்கும் பி660 அல்லது பி760 போர்டில் ஐ5-12400 போடுங்கள். வேகத்தில் பெரிய குறை இருக்காது, பின்னாளில் மேம்படுத்தும் வழிதான் குறுகும். கடைக்காரர் சற்றே விலை குறைந்த 12400எஃப்-ஐக் காட்டுவார். எண்ணின் கடைசியில் வரும் ‘எஃப்’ கிராபிக்ஸ் இல்லாத பிராசசரைக் குறிக்கும். கார்டு வாரண்டிக்குப் போய்த் திரும்பும்வரை கணினியில் படமே வராது, பையனின் புராஜெக்ட் வேலையும் நின்றுவிடும். அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ராம் 16 ஜிபி போதும். ஒரே குச்சியாக அல்லாமல் எட்டு எட்டாக இரண்டு குச்சிகளாக வாங்கினால் கேம்களில் வேகம் கூடும். பொருத்திய பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்துக்குக் கீழேதான் ராம் ஓடும். ஹார்ட் டிஸ்க் இப்போதைக்கு வேண்டாம், அதைவிட வேகமான சேமிப்பகமான என்விஎம்இ எஸ்.எஸ்.டி. 500 ஜிபி போதும். இவ்வளவும் போக எஞ்சும் பணம் முழுவதையும் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். 8 ஜிபி மெமரிக்குக் குறைந்த கார்டைத் தொடவே வேண்டாம். 1080பி மானிட்டருக்கு ஆர்எக்ஸ் 6600 தரத்தில் ஒன்று போதும், 12 ஜிபி உள்ள ஆர்க் பி580 பணத்துக்குள் அடங்கினால் அது நெடுநாள் தாங்கும்.

கேள்வி (நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி): எங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலேயே கேமிங் கணினியை ஓட்டலாமா? உப்புக் காற்றுக்கு என்ன செய்வது?

பதில்: இன்வெர்ட்டரின் பின்புறம் ‘யூ.பி.எஸ். மோட்’ என்ற ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஓட்டலாம். கரண்ட் போகும் கணத்தில் மாறுவதற்கு அதிக நேரம் பிடித்தால் கணினி அணைந்து மீண்டும் எழும். சைன் வேவ் வகை இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. தனி யூ.பி.எஸ். வாங்குவதானால் விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ பெட்டி 360 வாட்தான் தாங்கும். கேம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் அது ‘பீப்’ என்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ அளவுக்குப் போங்கள்.

உப்புக் காற்றுக்கு நல்ல மருந்து அன்றாடம் ஓட்டுவதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்கில் மூடியே கிடக்கும் கணினியில்தான் ராம் பற்களும் யூஎஸ்பி துளைகளும் பூத்துப்போகின்றன. ஓடும் கணினி தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிவிடும். முன்புறம் வலையும் தூசி வடிகட்டியும் உள்ள கேபினெட் வாங்குங்கள், அதைக் கடல் பக்கத்து ஜன்னலருகே வைக்காதீர்கள். பின்புறம் கார்டு இல்லாத துளைகளைத் தகட்டால் மூடிவிடுங்கள், பல்லி நுழைவது அந்த வழியாகத்தான். வயலோரம் இருப்பவர்கள் அறுவடை முடிந்த கையோடு ஒருமுறை ஊதித் துடைக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் சுழலாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மன்னார்குடியிலிருந்து ஒரு மாணவர்): சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் லாபமா?

பதில்: மன்னை எக்ஸ்பிரஸில் போய்வரும் செலவையும் கழித்துப் பார்த்தால் லாபம் சொற்பமே. போவதானால் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் எழுதப்பட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். அது இல்லாமல் வாரண்டி கேட்பது பெரும்பாடு. முழுக் கணினியாகப் பொருத்தி பார்சலில் போடச் சொன்னால், கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியே தரச் சொல்லுங்கள். பேருந்துக் குலுக்கலில் கார்டின் எடை மதர்போர்டு ஸ்லாட்டைப் பிளந்துவிடும், அப்படிப்பட்ட சேதத்துக்கு எந்த வாரண்டியும் பொறுப்பேற்காது.