உருண்ட முனையும் சாய்ந்த உடலும்

கேள்வி: வீட்டில் சமைத்த உணவை வேனில் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருக்கிறோம். வேனுக்கும் உணவுப் பட்டியலுக்கும், முனைகள் உருண்டு வலப்பக்கம் சாய்ந்த, செரிஃப் (கோட்டு முனைகளில் வரும் சிறு குறுக்குக்கோடு) இல்லாத ஆங்கில எழுத்துருவை என் மகள் பரிந்துரைக்கிறாள். நிமிர்ந்த உருண்டை எழுத்துருவையே கணினியில் சாய்த்துக்கொண்டால் போதாதா? தமிழ்ப் பெயரையும் அவ்வாறே சாய்க்கலாமா?
— வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் மகளின் தேர்வு நல்ல தேர்வு, கணினியில் பொத்தானை அழுத்திச் சாய்ப்பதைத்தான் வேண்டாம் என்பேன். அப்படிச் சாய்த்த ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்: சீராக இருந்த வளையம் மேல் வலப்புறத்திலும் கீழ் இடப்புறத்திலும் தடித்து, மற்ற இரு மூலைகளிலும் மெலிந்திருக்கும். நெடுங்கோடுகளின் அரைவட்ட முனைகளோ ஒருபக்கமாக இழுபட்டுக் கோணிவிடும். இவ்வகை எழுத்துருவின் அழகே அந்த முனைகளில்தான் இருக்கிறது என்பதால், குறை உடனே கண்ணில் படும்.

முறையாக வரைபவர்கள் முதலில் எழுத்தின் நடுக்கோட்டைச் சாய்த்துவிட்டு, பிறகே அதன்மேல் சமமான தடிப்பையும் வட்ட முனையையும் ஏற்றி, உறுத்தும் வளைவுகளைக் கையால் திருத்துகிறார்கள். பொறியியல் வரைபடங்களில் எழுத்து வடிவங்கள் வெட்டப்பட்ட அச்சுத்தகடும் குழாய்முனைப் பேனாவும் கொண்டு எழுதப்பட்ட எழுத்துகள் இதற்கு நல்ல சான்று: வரைபட எழுத்துகளுக்கான பன்னாட்டுத் தர அளவான ஐஎஸ்ஓ 3098இன் சாய்வு வகை கிடைக்கோட்டுக்கு 75 பாகையில் நின்றாலும், மை வட்டமான குழாய்முனையிலிருந்து இறங்குவதால் கோட்டின் முனைகள் உருண்டையாகவே அமைந்தன. எனவே, சாய்வு வடிவம் தனியே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடி, வணிகப் பயன்பாட்டுக்கான உரிமத்துடன் வாங்குங்கள்.

வேனில் ஒரு நுணுக்கம் உண்டு. வலப்பக்கத்தில் எழுதினால் எழுத்து வண்டி ஓடும் திசையை நோக்கிச் சாய்ந்து வேகத்தை உணர்த்தும். சிங்கப்பூரில் வண்டிகள் சாலையின் இடப்புறம் ஓடுவதால் நடைபாதையில் நிற்பவர்கள் பெரும்பாலும் காண்பது வண்டியின் இடப்பக்கத்தை; அங்கே அதே எழுத்து பின்னோக்கிச் சாய்ந்து தெரியும். அதற்காக எழுத்தை இடப்பக்கம் சாய்த்தால் வாசிப்பது கடினமாகிவிடும். சாய்வை நிமிர்கோட்டிலிருந்து 8 முதல் 10 பாகைக்குள் வைத்துக்கொண்டால் இரு பக்கமும் உறுத்தாது.

உணவுப் பட்டியலில் தலைப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய அளவில் முனையின் உருட்சி தெரியாமல் போய், சாய்வு மட்டும் எஞ்சி வாசிப்பைத் தாமதப்படுத்தும். விலைகள் நிமிர்ந்தே இருக்கட்டும்.

தமிழ்ப் பெயரைத் தயவுசெய்து சாய்க்காதீர்கள். வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகர் 1501இல் சாய்வெழுத்தில் முழு நூலை அச்சிட்ட காலத்திலிருந்தே ரோமன் எழுத்துக்கு அதில் பழக்கம் உண்டு. தமிழ் அச்சில் அத்தகைய மரபு வேரூன்றவில்லை. சாய்த்தால் ப, ட ஆகியவற்றின் நேர்கோடுகள் விழப்போவதுபோல் நிற்கும்; ண, ஞ ஆகியவற்றின் நெருக்கமான சுழிகள் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றோடொன்று கலந்து தெரியும். முனை உருண்ட, நிமிர்ந்த தமிழ் எழுத்துருவை ஆங்கிலக் கோட்டின் அதே தடிப்பில் அமைத்தால் இரண்டும் இணங்கி நிற்கும். அச்சுக்குக் கொடுக்குமுன் அசல் அளவில் ஒரு தாளை எடுத்து வேனில் ஒட்டி, சாலையின் மறுபக்கத்திலிருந்து பாருங்கள்.