வாசகர் கேள்வி–பதில்: பிள்ளைகள் வந்து சேரும்வரை

இந்தியாவிலிருந்து தத்தெடுக்கக் காத்திருக்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு 2 வருடம் 8 மாதம் காத்திருந்தவர்கள். மகாராஷ்டிராவிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள், அப்போது அவனுக்கு 8 வயது, அவளுக்கு 6.

கேள்வி: அக்கா, ஹோம் ஸ்டடி (தத்தெடுக்குமுன் சோஷியல் வொர்க்கர் வந்து வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதும் அறிக்கை) முடிந்து பதிவு செய்து 14 மாதம் ஆகிறது. அறைக்கு பெயிண்ட் அடித்து, கட்டில் போட்டு, கூரையில் நட்சத்திரம்கூட ஒட்டியாயிற்று. இப்போது அந்தக் கதவைத் திறக்கவே மனசு வரவில்லை. ராத்திரி 11 மணிக்கு மேல் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரோ "விடு, வரும்போது வரும்" என்கிறார், எனக்குக் கோபம்தான் வருகிறது.
— டல்லாஸ் வாசகி

11 மணி என்று நீங்கள் எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது டெல்லியில் காலை ஒன்பதரை, பத்தரை தாண்டியிருக்கும், காரா (தத்தெடுப்பைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பு) ஆபீஸ் திறந்திருக்கும், ஒரு மெயில் வந்தாலும் வரலாம். நானும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் கண் எரியும், வேலையில் கவனம் இருக்காது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். கடைசியில் ஃபோனை சமையலறையில் மாவரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் தூக்கமே வரவில்லை, அப்புறம் பழகிவிட்டது. ராத்திரி வந்த மெயில் காலை 6 மணிக்கும் அங்கேயேதான் இருக்கும். குழந்தையைப் பற்றிய விவரம் வந்தால் ஏஜென்சியும் கூப்பிடும், யோசிக்க நாளும் தருவார்கள்.

அந்த அறையைப் பூட்டாதீர்கள். நாங்களும் முதலில் பூட்டித்தான் வைத்திருந்தோம். அது வீட்டுக்குள்ளேயே ஒரு துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை, துவைத்த துணியை மடிக்க வேறு இடமில்லாமல் அங்கே கொண்டுபோய்க் கொட்டினேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த எங்கள் மூத்த பெண் பின்னாலேயே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு ஸ்கூல் கதை சொன்னாள். அன்றிலிருந்து துணி மடிப்பது, ஊரிலிருந்து வருகிறவர்கள் தங்குவது, அவர் ஆபீஸ் மீட்டிங் எடுப்பது எல்லாமே அங்கேதான். பிள்ளைகள் வந்தபோது அது ஏற்கெனவே ஆள் நடமாடிய, நம் வீட்டு வாசனை அடிக்கிற அறையாக இருந்தது.

வீட்டுக்காரர் விஷயம். "விடு" என்று சொல்கிறவர் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் ஹோம் ஸ்டடிக்கு வந்த சோஷியல் வொர்க்கர் பூஜை அலமாரியைப் பார்த்து, "எரிகிற விளக்கு ஒரு குழந்தைக்கு எட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போன அன்று ராத்திரியே, டிரில்லை எடுத்து அலமாரியை ஓர் அடி மேலே ஏற்றி மாட்டினார். மணி 12 இருக்கும். அவரவர் காத்திருக்கும் விதம் அவரவருக்கு. அவரிடம் பேச்சை எதிர்பார்க்காமல் ஏதாவது வேலையைக் கொடுத்துப் பாருங்கள், மனசில் இருப்பது கை வழியாக வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கஷ்டமான விஷயம். காத்திருப்பு எல்லோருக்கும் குழந்தையோடு முடிவதில்லை. எத்தியோப்பியா 2018 ஜனவரியில் வெளிநாட்டுத் தத்தெடுப்பைத் தடை செய்தது. சீனா 2024-இல், நெருங்கிய உறவினர் தவிர மற்ற எல்லோருக்கும் கதவை மூடியது. குழந்தையின் ஃபோட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் அப்படியே நின்றுபோயின. 2004-இல் சுமார் 23,000 குழந்தைகள் வெளிநாடுகளிலிருந்து தத்தாக அமெரிக்காவுக்கு வந்தார்கள், 2023-இல் அது 1,300-க்கும் கீழே. இந்தியா திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஏஜென்சியில் வருடத்துக்கு ஒரு முறையாவது நிலவரத்தை நேராகக் கேளுங்கள். உங்கள் இருவர் வயதையும் கூட்டிப் பாருங்கள். 2022 விதிகளின்படி 2 வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது, 2 முதல் 4 வரை 90, 4 முதல் 8 வரை 100. கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், உடலிலோ மனவளர்ச்சியிலோ குறைபாடு உள்ளவர்கள் — வெளிநாட்டுத் தத்தெடுப்பில் இவர்களுக்கு முன்னுரிமை தரச் சட்டமே வழி செய்கிறது. நாங்கள் 'இரண்டு பேர், 5 வயதுக்கு மேல்' என்று மாற்றி எழுதியது 19-வது மாதத்தில். அந்த முடிவை எடுக்க எனக்கு நிறைய அழுகை தேவைப்பட்டது. ஆனால் அந்த முடிவால்தான் என் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 வயது. தினமும் "தம்பி எப்ப வருவான்?" என்று கேட்கிறாள். டீச்சரிடம் சொல்லிவிட்டாள், பிறந்தநாள் பார்ட்டியில்கூட எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். என்ன பதில் சொல்வது?
— ஃப்ரீமாண்ட்

பண்டிகையைக் கணக்காகச் சொல்லாதீர்கள். நான் செய்த தப்பு அது. "தீபாவளிக்கு வந்துடுவாங்க" என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். எங்கள் மூத்தவளுக்கும் அப்போது 7 வயதுதான். தீபாவளி அன்று அவள் கம்பி மத்தாப்பில் பாதியை மட்டும் கொளுத்திவிட்டு மீதியை ஒரு ஷூ பெட்டியில் போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவால் "அவங்களுக்கு" என்று எழுதி கராஜில் வைத்தாள். மறு வருடத் தீபாவளியும் போனது. பெட்டியை எடுத்துப் பார்த்தால் எல்லாம் நமுத்துப்போயிருந்தது. அழவில்லை, பெட்டியை மூடி அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அதற்கப்புறம் அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். "எங்களுக்கும் தேதி தெரியாது. தெரிந்த அன்றைக்கே உன்கிட்டதான் முதலில் சொல்வோம்." அவ்வளவுதான். சொன்னபடியே செய்தோம், பாட்டி தாத்தாவுக்கு முன்னால் அவளுக்குத்தான் சொன்னோம்.

"தம்பி" என்று ஏற்கெனவே அவள் முடிவு கட்டியிருந்தால் அதையும் மெதுவாகத் தளர்த்துங்கள். தங்கையாக இருக்கலாம், இரண்டு பேராக இருக்கலாம். அவள் மனசுக்குள் வேறொரு கேள்வியும் ஓடிக்கொண்டிருக்கும், "நான் சேட்டை பண்ணினா என்னையும் எங்காவது கொடுத்துடுவீங்களா?" என்று. எங்கள் மகள் அதைக் கேட்டது காரில், பின் சீட்டிலிருந்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பதில் சொன்னேன். உங்கள் மகள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே ஒருநாள் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மதுரையில் இருக்கும் என் மாமியார், "முன்பின் தெரியாத ரத்தம் எதுக்கு? உன் நாத்தனார் பிள்ளைகளில் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு போ, ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலும் இதே பேச்சு. சட்டப்படி அது சுலபமா?
— பெயர் வேண்டாம்

சுலபமில்லை. அங்கே தத்துப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்துவிட்டு இங்கே வந்து விசா கேட்டால் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள். இந்தியாவும் அமெரிக்காவும் நாடுகளுக்கிடையே தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. சொந்தக்காரர் பிள்ளையாக இருந்தாலும் காரா வழியாகவும் அமெரிக்கக் குடியேற்றத் துறை வழியாகவும்தான் வர வேண்டும், அந்த வரிசை முக்கியம். முதலில் தத்து, அப்புறம் விண்ணப்பம் என்று தலைகீழாகச் செய்துவிட்டு, பிள்ளை ஒரு நாட்டிலும் அப்பா அம்மா ஒரு நாட்டிலுமாக வருடக்கணக்கில் பிரிந்திருப்பவர்களை எனக்கே தெரியும். உங்களில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இருவருமே ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தால் இந்த வழி கிடையாது. முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

இது சட்டம். மாமியாருக்குச் சட்டம் சொல்லிப் பயனில்லை. அவர் பயப்படுவது உங்களுக்காகத்தான், அதோடு தன் மகன் வம்சம் என்ற நினைப்பும் இருக்கும். வாராவாரம் வாதாடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரே ஒரு தடவை, ஒரே தடவை, "அம்மா, நாங்க முடிவு பண்ணிட்டோம். இவங்கதான் உன் பேரப்பிள்ளைங்க. இனிமே ரத்தம்ங்கிற பேச்சு அவங்க காதுல விழக்கூடாது" என்று சொல்லட்டும். மருமகள் சொன்னால் சண்டை, மகன் சொன்னால் செய்தி. அப்புறம் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். என் மாமியார் கடைசிவரை மனசு ஒப்பாமல்தான் இருந்தார். ஆனாலும் பழைய சுங்குடிச் சேலைகளைக் கிழித்து இரண்டு போர்வை தைத்து அனுப்பினார். மகன் இன்றும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறான்.

கேள்வி: கைரேகை, ஹோம் ஸ்டடி எல்லாம் காலாவதி ஆகிக்கொண்டே இருக்கிறது. லீவுக்கு வேறு என்ன செய்வது?
— அட்லாண்டா

ஐ-800ஏ, அதாவது நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஒப்புதலுக்கு ஆயுள் 15 மாதம். ஒரு காலண்டரில் 11-வது மாதத்திலேயே சிவப்பு வட்டம் போட்டுவிடுங்கள். நீட்டிப்புக்கு ஹோம் ஸ்டடியையும் புதுப்பிக்க வேண்டும், அதற்கே வாரங்கள் ஆகும். வீடு மாறினாலும், வேலை மாறினாலும், வீட்டில் வயது வந்தவர் யாராவது வந்து தங்கினாலும் ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். லீவுக்கு எஃப்எம்எல்ஏ என்ற அமெரிக்கக் குடும்ப விடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தினால் 12 வாரம், சம்பளம் இல்லாமல். தத்தெடுக்க வெளிநாடு போகும் நாட்களுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். எல்லாவற்றையும் அங்கேயே செலவழித்துவிடாதீர்கள், பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் முதல் மாதங்களுக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

கேள்வி: அக்கா, ஃபோட்டோ வந்துவிட்டது! அக்கா தம்பி, 7 வயதும் 5 வயதும், மகாராஷ்டிராதான். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம். இனிமேல் போய்க் கூட்டிவரும் வரை என்ன செய்ய வேண்டும்? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?
— சிகாகோ வாசகி

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரொம்பச் சந்தோஷம்!

ஃபோட்டோவை எங்கேயும் போடாதீர்கள், குடும்ப வாட்ஸப் குரூப்பில்கூட வேண்டாம். தத்து ஆணை வரும்வரை அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தைக் காக்க வேண்டியது நம் பொறுப்பு. பெரியம்மா ஒருவர் ஃபார்வர்டு செய்தால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும். யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர்களுக்கு நேரில் காட்டுங்கள்.

இனி இருக்கும் காத்திருப்பு வேறு மாதிரி, முன்னதைவிடக் கஷ்டம். ஏனென்றால் இப்போது முகம் தெரியும். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல், காராவின் தடையின்மைச் சான்று (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), தத்து ஆணை, பாஸ்போர்ட், விசா என்று வரிசையாக இருக்கிறது. எங்கள் காலத்தில் ஆணை நீதிமன்றத்தில். 2022 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி அதை மாவட்ட ஆட்சியர் கொடுக்க வேண்டும். இதற்கிடையில் மாதங்கள் ஓடும். பிள்ளைகளுக்கு அங்கே பல் விழும், புதுப் பல் முளைக்கும், அது நமக்குத் தெரியாது. அந்த மாதங்களில் மராத்தி படியுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். எல்லோரும், "சின்னப் பிள்ளைங்க, மூணு மாசத்துல தமிழ், இங்கிலீஷ் எல்லாம் பேசிடும்" என்பார்கள். பேசும்தான். ஆனால் அந்த மூன்று மாதமும், நடு ராத்திரி வயிறு வலித்தால்கூட அது யாரிடம் சொல்லும்?

எங்கள் அடுத்த தெருவில் புனேக்காரர் ஒருவர் இருந்தார். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நானும் மூத்தவளும் ஒரு நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதி எழுதிப் படித்தோம். "பூக் லாக்லி கா?" என்றால் பசிக்கிறதா. "மீ இத்தேச் ஆஹே" என்றால் நான் இங்கேயேதான் இருக்கிறேன். வலி, தண்ணீர், பாத்ரூம், பயம், குளிர், போதும், வேண்டாம். ஒரு ஐம்பது சொல் இருக்கும். வரண் பாத் செய்யவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார், பருப்பும் சோறும்தான், ஆனால் நம் சாம்பார் புளிப்பு அதில் இருக்காது. முதல் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான். பிள்ளைகள் இருக்கும் இல்லம் அனுமதித்தால் உங்கள் குரலையும் வீட்டின் ஃபோட்டோக்களையும் ஒரு சின்ன ஆல்பமாக அனுப்பி வையுங்கள். வாசல், கட்டில், வீட்டில் இருப்பவர்கள், சமையலறை, அவ்வளவு போதும்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். துணி அதிகம் வாங்காதீர்கள். இங்கே 8 என்று போட்டிருந்த சட்டை என் மகனுக்கு முழங்காலைத் தொட்டது, 5-தான் சரியாக இருந்தது. ஆளுக்கு இரண்டு செட், ஒரு ஸ்வெட்டர், செருப்பு அங்கேயே. பொம்மையும் நிறைய வேண்டாம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி அதில் பிஸ்கட் போட்டு, அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியில் சப்பாத்தியை ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள். எங்கள் சின்னவள் ஆறு மாதம் செய்தாள், ஒருநாள் தானாக நிறுத்திவிட்டாள். தனித்தனி அறை வேண்டவே வேண்டாம். ஒரே ஹாலில் இருபது முப்பது பேரோடு தூங்கிய பிள்ளைகளுக்கு அமைதியே பயமாக இருக்கும். இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போடுங்கள்.

அப்புறம் ஒரு நைட் லாம்ப். வந்த முதல் ராத்திரி நான் சுவிட்சில் கை வைத்ததும் என் மகன் போர்வைக்குள்ளிருந்தே, "லைட் பந்த் கரூ நகா" என்றான். அணைக்காதீங்க என்று அர்த்தம். அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது, வியாழக்கிழமை நோட்டு புண்ணியத்தில் எனக்கு அது புரிந்தது. லைட் விடியும்வரை எரிந்தது. மறுநாள் கடைக்குப் போய் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்று வாங்கி வந்தோம். நீங்கள் இப்போதே வாங்கிவிடுங்கள்.