மாதிரித் தேர்வில் 170, உண்மைத் தேர்வில் 150: குரூப் 4 எழுதுவோருக்கு ஏன் இப்படி நேர்கிறது?

குரூப் 4 மாதிரித் தேர்வுகளில் 200இல் 170 வினாக்களுக்குக் குறையாமல் சரியாக எழுதும் உங்களால், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் மட்டும் 150ஐத் தாண்ட முடியவில்லை என்றும், வேறொரு மாதிரித் தேர்வுத் தொகுப்பை வாங்கிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் கடந்து போக முடியவில்லை. 2022இல் இதே நிலையில் நான் இருந்தேன். மாதிரித் தேர்வில் 172, ஜூலை 24 அன்று எழுதிய தேர்வில் 153. பத்தொன்பது வினாக்கள், அதாவது வினாவுக்கு ஒன்றரை வீதம் 28.5 மதிப்பெண்கள், எங்கே போயின என்பது விளங்க எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

நீங்கள் முழுநேரமும் படிப்பவர் என்றும், புத்தகங்களைக் குறைந்தது ஒரு முறையாவது முடித்தவர் என்றும் எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பயன்படாது. இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருப்பதால், வேலை கிடைத்த தெம்பில் உபதேசம் செய்கிறேன் என்று சிலர் நினைக்கக்கூடும். தேர்ச்சி பெறாமல் இருந்த காலத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதால் அவர்களோடு வாதாடப் போவதில்லை.

அந்தத் தேர்வு முடிந்த பின் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் 7,301 இடங்கள் என்றுதான் அறிவித்திருந்தார்கள். பின்னர் அது படிப்படியாகப் பத்தாயிரத்தைத் தாண்டியது. ஒவ்வொரு முறை எண்ணிக்கை கூடும்போதும் என் தந்தை அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து கத்தரித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார், ஒன்றும் பேச மாட்டார். ஜூலையில் எழுதிய தேர்வுக்கு மறு ஆண்டு மார்ச்சில் முடிவு வந்தது. கலந்தாய்வு அழைப்பில் என் பதிவெண் இல்லை. அந்த எட்டு மாதங்களையும் கூடுதல் இடங்கள் எனக்கு வந்து சேருமா என்ற கணக்கிலேயே கழித்துவிட்டேன், ஒரு புத்தகத்தைக்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. அதைவிட வீணான காலம் என் வாழ்வில் வேறில்லை.

முடிவு வந்த பிறகுதான் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தேர்வு முடிந்ததும் வினாத் தொகுப்பை நாம் எடுத்து வந்துவிடலாம் அல்லவா? அன்று மாலையே நினைவிலிருந்து ஒவ்வொரு வினாவின் அருகிலும் நான் நிரப்பிய விடையை எழுதி, எந்த மனநிலையில் நிரப்பினேன் என்பதற்கும் ஓர் அடையாளம் இட்டிருந்தேன்: உறுதியாகத் தெரிந்தது, இரண்டில் ஒன்று என்று தயங்கியது, அறவே தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டது. (தேர்வறைக்குள் வினாத் தொகுப்பில் விடையைக் குறிக்கக் கூடாது என்பது அறிவுரைகளிலேயே இருக்கிறது, எனவே இதை அங்கே செய்யாதீர்கள்.) அந்தத் தொகுப்பைப் பல மாதங்கள் கழித்துத் திரும்ப எடுத்து, தவறிய 47 வினாக்களை வகை பிரித்தேன். தெரியாதவை 16. தயங்கியவை 12. மீதி 19 வினாக்களும் உறுதியாகத் தெரியும் என்று நினைத்து, ஒரு நொடிகூட யோசிக்காமல், நிம்மதியாகக் கருப்பு மையால் வட்டத்தை நிரப்பியவை.

அதுவரை நான் படிக்காத பகுதிகளைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கவிழ்த்ததோ படித்த பகுதிகள்.

இது எப்படி நேர்கிறது என்றால், நம்மில் பெரும்பாலோர் பாடநூலைப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு வரிக் குறிப்புகளையே படிக்கிறோம். என் குறிப்பேட்டில் '44ஆவது திருத்தம், 1978, சொத்துரிமை நீக்கம்' என்று ஒரு வரி இருந்தது. மாதிரித் தேர்வுகளில் 'சொத்துரிமையை நீக்கிய திருத்தம் எது' என்றே கேட்பார்கள், நானும் 44 என்று போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவேன். அதே செய்தியை, 'சொத்துரிமை அரசியலமைப்பிலிருந்தே நீக்கப்பட்டது' என்று ஒரு கூற்றாகக் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்டால் என் குறிப்பேடு என்னைத் தவறான பக்கம் தள்ளிவிடும். நீக்கப்பட்டது அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து மட்டுமே. 300-ஏ பிரிவில் அது சட்ட உரிமையாக இன்றும் இருக்கிறது. பாடநூலில் இந்த வேறுபாடு ஒரே வாக்கியத்தில் தெளிவாக இருந்தது, அதைச் சுருக்கிக் குறிப்பெடுத்தபோது விட்டது நான்தான்.

தமிழிலும் இதே கதை. பதினெண்கீழ்க்கணக்கில் 'நாற்பது' என்று முடியும் நான்கு நூல்களுக்கும் ஆசிரியர் பெயர்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: கபிலர், பூதஞ்சேந்தனார், மதுரைக் கண்ணங்கூத்தனார், பொய்கையார். ஆனால் இன்னா நாற்பதும் இனியவை நாற்பதும் அறநூல்கள், கார் நாற்பது அகநூல், களவழி நாற்பது புறநூல் என்பதை ஒன்றாக வைத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஏலாதிக்கும் திணைமாலை நூற்றைம்பதுக்கும் ஆசிரியர் கணிமேதாவியார் ஒருவரே என்பது என் குறிப்பேட்டில் இரண்டு வெவ்வேறு பக்கங்களில் இருந்தது. திரிகடுகத்தில் வரும் சுக்கும் மிளகும் திப்பிலியும் ஏலாதியின் ஆறு பொருள்களுக்குள்ளும் வருகின்றன என்பதைக் கவனித்த நாளில், இத்தனை ஆண்டுகள் எதைத்தான் படித்தேன் என்று என் மீதே கோபம் வந்தது. மொத்தத் தேர்வில் சரிபாதியாகிய நூறு வினாக்கள் தமிழ். அதில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், தகுதி தாண்டினால் போதும் என்ற அளவிலேயே பலர் அதை எண்ணுகிறார்கள். பட்டியலில் மேலே இருப்பவர்கள் அதில் 90க்கு மேல் சரியாக எழுதியவர்களாக இருப்பதையே நான் கண்டிருக்கிறேன்.

கணக்கில் நான் இழந்த நான்கு வினாக்கள் வேறு வகை. போட்ட கணக்கு சரி, நிறுத்திய இடம் தவறு. 10,000 ரூபாய்க்கு 10 விழுக்காட்டில் இரண்டு ஆண்டுக் கூட்டு வட்டி எவ்வளவு என்று கேட்டால், 12,100 வந்தவுடன் மகிழ்ந்துபோய் அதையே நிரப்புவேன். அது தொகை, கேட்டது வட்டியாகிய 2,100. வினா எடுப்பவர் அந்த 12,100ஐயும் விடைகளுக்குள் வைத்திருப்பார், தனிவட்டியாகிய 2,000ஐயும் வைத்திருப்பார். 200 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் என்றால் ஒன்றுக்கு 54 நொடிகள், அதில் வட்டம் நிரப்பும் நேரமும் அடக்கம். வினாவின் கடைசிச் சொல்லை மீண்டும் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்த அவசரத்தில் இது நடந்தே தீரும்.

அப்படியானால் மாதிரித் தேர்வில் மட்டும் 172 எப்படி வந்தது? ஒரே மையத்தின் தொகுப்பையே தொடர்ந்து எழுதிவந்தேன். அதன் வினாக்களை எடுத்தவரும் நான் வைத்திருந்ததைப் போன்ற ஒரு வரிக் குறிப்புகளிலிருந்தே எடுத்திருந்தார். ஏழாவது எட்டாவது தேர்வுக்குள் அவருடைய நடை எனக்குப் பழகிவிட்டது. முழுமையாகப் படிக்கும் முன்பே விடை எது என்று கை சொல்லிவிடும். போதாக்குறைக்கு, வீட்டில் வசதிப்பட்ட நேரத்தில், நடுவில் எழுந்து தண்ணீர் குடித்து, சில நாள்களில் இரண்டு தவணைகளாக எழுதினேன். தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருந்த, நான் அதுவரை பார்த்திராத ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, காலை 9.30க்குத் தொடங்கி 12.30க்குப் பேனாவை வைத்தபோது கிடைத்தது 141. அதுதான் என் உண்மையான எண். மாதிரித் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரத்தைப் பழக அது தேவை. தன் தரத்தை அளக்கத்தான் உதவாது.

பிறகு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. குறிப்பேட்டை நான்கு மாதங்கள் மூடி வைத்துவிட்டு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை வாக்கியம் வாக்கியமாகப் படித்தேன், ஒவ்வொரு வாக்கியத்தையும் எப்படி மாற்றினால் தவறான கூற்றாகும் என்று கேட்டுக்கொண்டே. 'மட்டும்', 'அனைத்தும்', 'முதன்முதலில்' போன்ற சொற்களின் அடியில் கோடிட்டேன். மெதுவான வேலைதான், சில நாள்கள் பத்துப் பக்கங்கள்கூட நகராது. ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் மொத்த எண்ணைப் பார்க்காமல், உறுதி என்று நினைத்துத் தவறியவை எத்தனை என்பதையே எழுதி வைத்தேன். விடை தெரியாதவற்றைப் பற்றி ஒன்று மட்டும்: தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில், 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பும் அடக்கம் யாருக்கும் தேவையில்லை.

2024 ஜூன் 9 அன்று எழுதிய தேர்வில் 168 வினாக்கள் சரியாக இருந்தன. தவறிய 32இல் உறுதி என்று நினைத்தவை ஆறு. தெரியாதவற்றின் எண்ணிக்கை பழையபடி 16 என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். புதிதாகப் பெரிதாக எதையும் நான் கற்றுவிடவில்லை.

இதில் ஓர் எரிச்சலையும் பதிவு செய்தாக வேண்டும். முடிவு வந்த வாரத்தில், நான் கட்டணம் செலுத்தி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தேர்வு மட்டும் எழுதிய ஒரு பயிற்சி மையம், விண்ணப்பப் படிவத்தில் ஒட்டுவதற்காக நான் கொடுத்திருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கி, 'எங்கள் மாணவி' என்று பதாகை வைத்தது. நேரில் போய் எடுக்கச் சொன்னபோது, "உங்களுக்கும் இது விளம்பரம்தானேம்மா" என்றார்கள். என்னைத் தவறான எண்ணை நம்ப வைத்ததும் இவர்கள் விற்றதைப் போன்ற ஒரு தொகுப்புதான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

ஆகவே, இன்னொரு தொகுப்பு வாங்க வேண்டாம். கடைசியாக எழுதிய தேர்வின் வினாத் தொகுப்பு வீட்டில் இருந்தால் இன்று இரவே எடுத்து, இறுதி விடைக்குறிப்போடு ஒப்பிட்டு மூன்று வகைகளாகப் பிரித்துப் பாருங்கள். அடையாளம் இட்டிருக்காவிட்டால், பார்த்திராத ஒரு பழைய வினாத்தாளை வரும் ஞாயிறு காலை 9.30க்கு எழுதிப் பாருங்கள். உறுதி என்று நினைத்துத் தவறியவை எத்தனை என்று கருத்துப் பகுதியில் எழுதினால், எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.